அக்கா நகர்த்திய அடுப்பு

போன வாரம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கிட்டே வந்தார்.

“ஏங்க, நீங்கதானே வாராவாரம் எழுதறவங்க? போட்டோல கொஞ்சம் ஒல்லியா இருந்தீங்க.”

போட்டோ பழசு என்றேன். அதை அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

“வூட்டுக்கு வேண்டிய மரச்சாமான நீங்களே செய்யறதா எழுதியிருந்தீங்களே... நானும் ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்யலாம்னு இருக்கேன். கம்ப்யூட்டர்ல படம் போட்டுப் பாக்க எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்? காசு கம்மியா இருக்கணும். முடிஞ்சா காசே இல்லாம.”

வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. ஏறியபடியே, “எழுதறேங்க!” என்று கத்தினேன்.

இதோ, எழுதுகிறேன். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு வரிக்கு நான் போய்ச் சேர்ந்த பாதை மீன்சுருட்டி வழியாகப் போகிறது. அவசரமில்லாதவர்கள் கூட வாருங்கள்.

முதலில், எனக்கு எவ்வளவு மரவேலை தெரியும்? இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. அந்த இடத்தில் ஒரு பெரிய மேஜை, ஒரு கட்டிங் மெஷின், ஒரு ட்ரில்லிங் மெஷின். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூல், ஷெல்ஃப் என்று ஏதாவது செய்வேன். ஸ்டூல் ஆடும். காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தால் ஆடாது. என் தொழில்நுட்பம் அவ்வளவுதான். படம் வரைந்து பார்த்துச் செய்யவேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை — வசந்தா அக்காவின் சமையலறை வரும்வரை.

வசந்தா என் கூடப் பிறந்த அக்கா. மீன்சுருட்டியில் சொந்த வீடு. மாமா அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்க ஒரு விபத்துகூட இல்லாத மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஜெயங்கொண்டத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு அக்காவை மொபெட்டில் உட்கார வைத்து வந்தபோது, கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தது. மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அக்காவுக்கு முதுகெலும்பில் அடி.

ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் முடிந்து அக்கா வீல்சேரில் வீடு திரும்பினாள். கைகளில் பழைய பலம் அப்படியே இருந்தது. வாயில் அதைவிடக் கூடுதலாக. இடுப்புக்குக் கீழேதான் ஒத்துழைப்பு இல்லை.

அன்றிலிருந்து மாமாதான் சமையல். அக்காவை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. “நீ ஒக்காரு, நான் பாத்துக்கறேன்” — இந்த ஒரு வாக்கியத்தைக் காலையிலிருந்து ராத்திரிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டியது தான் என்பது அவர் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அதைப் பிடுங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி சாம்பார்.

அந்தச் சாம்பாரைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. இதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது எது தெரியுமா? அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்குங்க” என்று சொன்னது. ஹோட்டலில் தோசை ஓரம் முறுகவில்லை என்று திருப்பி அனுப்புகிறவள் அவள்!

நான் அங்கே இருந்த ஒரு மதியம் கோயம்புத்தூரிலிருந்து பிரபு பேசினான். அக்காவின் ஒரே மகன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“ம்மா, அப்பா எத்தன நாளைக்குத்தான் சமைப்பாரு? பொங்கலுக்கு முன்னாடி கார் எடுத்துட்டு வரேன். வூட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் கெளம்பி வந்துடுங்க. இங்க ரூமெல்லாம் ரெடி.”

நல்ல பையன். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அக்கா “சரிப்பா, பாப்பம்” என்று வைத்துவிட்டாள். மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

“கோயம்புத்தூர் எனக்குப் புடிக்காமல்லாம் இல்லடி கலா” என்றாள் அக்கா. “ஆனா அங்க போயி நான் என்ன செய்வேன்? காலையிலேந்து டிவி பாப்பேன். ‘அம்மா சாப்ட்டியா, மாத்திர போட்டியா’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். இங்கன்னா என் வூடு. ஒரு கொழம்பு வெச்சுட்டன்னா நான் பாட்டுக்கு நான்.”

“வெக்க வேண்டியதுதானே?”

“எங்கேந்து வெக்கிறது? வா, காட்டறேன்.”

வீல்சேரைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனாள். நானும் போனேன். அந்த மேடையை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் உண்மையில் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அது கழுத்தளவு இருந்தது. பர்னர் அவள் முகத்துக்கு நேரே. பால் பொங்கினால் தலையில்தான் ஊற்றும். மேல் அலமாரி வானத்தில் இருந்தது.

“நான் செஞ்சு தரேன்க்கா” என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. ஆடாத ஸ்டூல் செய்யத் தெரியாதவள் ஒரு சமையலறையையே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அதுவும் அடுப்பும் கொதிக்கும் குழம்பும் இருக்கிற இடம். இங்கே அட்டை மடித்து வைத்துச் சமாளிக்க முடியுமா? அறையோ சின்னது. வீல்சேர் உள்ளே போகவேண்டும், திரும்பவேண்டும், வெளியே வரவேண்டும். பலகையை அறுத்த பிறகு ‘ஐயையோ’ என்று சொன்னால் பலகை திரும்ப ஒட்டாது.

அப்போதுதான் சாஃப்ட்வேர் தேடும் படலம் ஆரம்பித்தது.

முதலில் ஆபீஸில் ஒருவர் சொன்னதை இறக்கினேன். பாலம், ஃபேக்டரி எல்லாம் வடிவமைக்கிறவர்கள் பயன்படுத்துவதாம். கொஞ்ச நாள் இலவசம், பிறகு சந்தா. திறந்ததுமே என் லேப்டாப் மாவு மில் மாதிரி சத்தம் போட்டது. திரையில் எங்கே பார்த்தாலும் பட்டன்கள். மிகவும் முயன்று ஒரு பலகை வரைந்தேன். அதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்று மவுஸை அசைத்தேன்... பலகையைக் காணோம்! கடைசிவரை கிடைக்கவில்லை. மீன்சுருட்டிக்கு மேலே வான்வெளியில் எங்கேயோ இன்றும் அது மிதந்துகொண்டிருக்கலாம்.

அதற்குள் இலவசக் காலம் முடிந்துவிட்டது. வருஷ சந்தா எவ்வளவு என்று பார்த்தேன். நான் வாங்கவிருந்த மொத்த பிளைவுட்டின் விலையைத் தாண்டியிருந்தது. அலமாரியைவிட அலமாரியின் படத்துக்கு விலை அதிகம்!

இரண்டாவது, பாலக்கரைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார்.

“அதே சாஃப்ட்வேர ஃப்ரீயா போட்டுத் தரேன் மேடம். ஒண்ணே ஒண்ணு... அதத் தொறக்கறப்ப நெட்ட ஆஃப் பண்ணிடுங்க.”

“ஏன்?”

“நெட் இருந்துச்சுன்னா அது கேள்வி கேக்கும்.”

கேள்விக்குப் பயந்து வாழ்கிற சாஃப்ட்வேரை என் லேப்டாப்பில் குடிவைப்பதா? என் பத்திகள், ஆபீஸ் சமாசாரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நன்றி சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இலவசம் வேறு, திருட்டு வேறு. இதை வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சமையலறை வடிவமைப்புக்கென்றே ஒரு வெப்சைட். இது அழகு! அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் ரெடியாக இருக்கும். இழுத்து வைத்தால் போதும். அறையின் நடுவில் ஒரு கணவனும் மனைவியும் கையில் காப்பிக் கோப்பையோடு சிரித்தபடி நிற்பார்கள். உற்சாகமாகிவிட்டேன். அந்த அம்மாவை உட்கார வைக்கலாம் என்று பார்த்தேன். உட்கார மாட்டேன் என்கிறார். சரி, மேடையைத் தாழ்த்துவோம் என்று உயரத்தைக் குறைத்தேன். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது: இந்த உயரம் கிடையாது. பணம் கட்டினால் கிடைக்குமா? அப்போதும் கிடையாது.

உலகத்தில் சமைக்கிறவர்கள் எல்லாரும் நின்றுகொண்டுதான் சமைக்கிறார்கள் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். கவனியுங்கள் — அவர்கள் உட்கார்ந்துதான் முடிவு செய்திருப்பார்கள்!

அன்றைக்கு உண்மையிலேயே சோர்ந்துபோனேன். பொங்கல் ஒன்றும் நமக்காகக் காத்திருக்காதே.

நாலாவதாகக் கிடைத்தது ரொம்ப எளிமையானது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம், இன்டர்நெட் பிரவுசரிலேயே திறக்கும். ரெடிமேட் அலமாரி, சிரிக்கும் தம்பதி எதுவும் கிடையாது. வெறும் சதுரம் வரையலாம், அதைப் பிடித்து இழுத்தால் பெட்டியாகும். நீளம், அகலம், உயரம் எதைத் தட்டினாலும் மறுபேச்சில்லாமல் கேட்கும். மில்லிமீட்டர் என்றால் மில்லிமீட்டர், அங்குலம் என்றால் அங்குலம். தமிழில் விளக்கும் வீடியோ ஒன்றும் கிடைத்தது. அந்த மனிதர், “பயப்படாம அமுக்குங்க, ஒண்ணும் வெடிக்காது” என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்துக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து அக்காவின் சமையலறையை வரைந்துவிட்டேன். சுவர், ஜன்னல், தாழ்த்திய மேடை, அதன் அடியில் முழங்கால் நுழைய இடைவெளி, இரண்டு பக்கமும் இழுப்பறைகள். ஒவ்வொரு பலகையையும் அதன் உண்மையான கனத்தோடு வரைந்தேன். இது முக்கியம். கனத்தை மறந்தால் படத்தில் உள்ளே போகும் டிராயர் நிஜத்தில் போகாது.

முடித்துவிட்டுப் பெருமையோடு லிங்க்கை அக்காவுக்கு அனுப்பினேன். சீரியல் பார்க்க பிரபு வாங்கிக்கொடுத்த டேப்லெட் அவளிடம் இருந்தது. “தொறந்து பாருக்கா” என்று ஒரு மெசேஜும் போட்டேன்.

மறுநாள் காலையில் ஃபைலைத் திறந்தால்... அடுப்பு ஜன்னல் பக்கம் போயிருந்தது. சிங்க் மூலைக்கு வந்திருந்தது. ஒரு இழுப்பறையைக் காணவே காணோம். அறையின் நடுவில் புதிதாக ஒரு பெட்டி முளைத்திருந்தது.

இலவசம் என்றால் இப்படித்தான், சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். அக்காவுக்கு போன் போட்டேன்.

“அக்கா, நான் அனுப்பின படம் என்னமோ ஆயிடுச்சு. எல்லாம் எடம் மாறிக் கெடக்கு. நீ பாக்காத, நான் சரி பண்ணி—”

“நான்தாண்டி நவுத்துனேன்.”

“என்னது?”

“ஒரு வெரல வெச்சேன், அடுப்பு நவுந்துச்சு. இன்னொரு வெரல வெச்சேன், பெருசாச்சு. அப்பறம் விட மனசு வரல. நீ சிங்க்க அங்க வெச்சா நான் அடுப்புலேந்து எப்படி அங்க போறது? ஒவ்வொரு தடவையும் பின்னாடி போயித் திரும்பணும். வண்டி என்னுது, எனக்குத்தானே தெரியும்!”

லிங்க் அனுப்பும்போது ‘பார்க்க மட்டும்’ என்பதற்குப் பதில் ‘திருத்தவும்’ என்பதைத் தட்டியிருக்கிறேன். நான் அந்தச் சமையலறையை யாருக்காக வரைந்தேனோ, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உயரம் அளந்தேன், அறையை அளந்தேன். அக்காவின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று யார் அளந்தது?

நடுவில் முளைத்திருந்த பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீல்சேரின் நீள அகலத்துக்குச் சரியாக வரைந்து, அதற்கு ஒரு பெயரும் கொடுத்திருந்தாள். ‘நான்.’

இன்னொரு பெட்டியும் இருந்தது. சமையலறையில் இல்லை. வெளியே, கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல் இருக்கும் இடத்தில். அதன் பெயர் ‘அவரு.’

அடுத்த ஞாயிறு மீன்சுருட்டிக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டை வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். அதுவரை மாமாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“இது யாரு, அவரு?”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். “நீங்கதான்.”

“நான் ஏன் கொல்லையில நிக்கிறேன்?”

“உள்ள இருந்தா என்னைய அடுப்புகிட்ட வுட மாட்டீங்களே.”

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. குரல்தான் இறங்கிவிட்டது.

“கொதிக்கிற கொழம்ப எறக்கறப்ப கை தவறுச்சுன்னா எங்க கொட்டும்? மடியில கொட்டும். உனக்குச் சுடறதுகூடத் தெரியாது வசந்தா. வெந்து போனதே நான் வந்து பாத்தாத்தான் தெரியும். என்னால இன்னொரு தடவ அதெல்லாம் பாக்க முடியாது.”

தெருவில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் வரைந்த படத்தில் அடுப்புக்கு நேர் கீழேதான் முழங்காலுக்கு இடம் விட்டிருந்தேன். கொட்டினால் நேராக மடியில்தான். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது அந்தப் படம்!

அக்காதான் வாயைத் திறந்தாள். “அப்ப எறக்கவே வேணாத மாதிரி செய்யலாம்ல?”

“எப்படி?”

“தோச சுட்டா தட்டுக்குத் தள்ளறமே, அது மாதிரி. சட்டியத் தூக்காம பக்கத்துல தள்ளிட்டா?”

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள். அவள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். அடுப்பைப் பள்ளத்தில் இறக்கி, பர்னரின் தலையும் மேடையும் ஒரே மட்டமாக வருமாறு செய்தோம். பாத்திரத்தைத் தூக்காமல் அப்படியே பக்கத்துக் கல்லுக்கு நகர்த்தலாம். அடுப்புக்குக் கீழே இடைவெளியை அடைத்து அலமாரி. முழங்கால் இடைவெளி அதற்குப் பக்கத்தில், காய் நறுக்கும் இடத்துக்கு அடியில். அடுப்பைப் பக்கவாட்டிலிருந்துதான் அணுகவேண்டும். கொட்டினாலும் மடிக்கு வராது.

மாமா மெல்ல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “விளிம்புல ஒரு வரப்பு வையி” என்றார். “வழிஞ்சா அங்கயே நிக்கட்டும்.”

வரப்பு வைத்தேன்.

“கேஸ் மூடற சாவி இவ கைக்கு எட்டற மாதிரி முன்னாடி வரணும்.”

வந்தது.

“பெரிய குண்டான் வெச்சா உள்ள இருக்கறது ஒக்காந்திருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?”

மாமா கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

“கண்ணாடி! பஸ்ல பின்படிக்கட்டுல யாரு தொங்கறான்னு நான் திரும்பியா பாத்தேன்? அடுப்புக்கு மேல சுவத்துல ஒரு கண்ணாடிய சாய்ச்சு மாட்டு. கொழம்பு கொதிக்கறது அதுல தெரியும்.”

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டேப்லெட்டில் விரலை வைத்தாள். கொல்லையில் நின்ற ‘அவரு’ மெதுவாக நகர்ந்தார். பின்கதவைத் தாண்டி சமையலறைக்குள் வந்து, சிங்க் பக்கத்தில் நின்றார்.

“பாத்தியா கலா?” என்றார் மாமா. “உள்ள கூப்ட்டாலும் பாத்திரம் கழுவற எடத்துலதான் நிறுத்துவா.”

மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அன்றைக்குக் கேட்டது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் உழைப்பு. இன்னொரு சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. வேண்டிய பலகைகளின் அளவுகளைக் கொடுத்தால், ஒரு முழு பிளைவுட் ஷீட்டில் எதை எங்கே அறுத்தால் வீணாகாது என்று காட்டும். நானே மனக்கணக்குப் போட்டிருந்தால் ஒரு ஷீட் கூடுதலாக வாங்கியிருப்பேன். கார் ஷெட்டில் அறுத்து, துளை போட்டு, பெட்டிகளாகப் பூட்டினேன். மீன்சுருட்டியில் கொத்தனார் பழைய மேடையை இடித்துத் தாழ்வாகக் கட்டிக் கல் போட்டார். பெட்டிகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

முதல் பெட்டி சுவரோரம் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவது உட்காரவில்லை. மேலே சுவரைத் தொட்டது. கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மறுபடி மறுபடி அளந்தேன். பெட்டி சரி. சுவர்தான் சாய்ந்திருந்தது!

சாஃப்ட்வேரில் சுவர்கள் எல்லாம் நேராகத்தான் நிற்கும். நம் ஊர்ச் சுவர்களுக்கு அந்தக் கட்டாயம் ஏதும் இல்லை. ஒரு மரச்சட்டத்தை ஆப்பு மாதிரி இழைத்து இடைவெளியில் செருகி அடைத்தேன். மாமா வந்து பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஆடாத சாமான்!

வீல்சேர் உள்ளே வந்தது. திரும்பியது. அக்காவின் முழங்கால்கள் மேடைக்கு அடியில் போயின. இரண்டு கைகளையும் கல்லின் மேல் பரப்பி வைத்தாள். பிறகு சொன்னாள்: “வெங்காயம் எங்க?”

பஸ் ஸ்டாண்டில் கேட்ட அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். எந்த சாஃப்ட்வேர் நல்லது? நீங்கள் செய்யும் பொருளை யார் பயன்படுத்தப் போகிறார்களோ, அவர்கள் தங்கள் போனில் அதைத் திறந்து, நகர்த்தி, உங்களோடு சண்டை போட முடிகிறதா? அதுதான் நல்லது. மற்றபடி, இலவசமாக இருப்பதை முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள். நீங்கள் சொல்லும் அளவை அது கேட்கவேண்டும், அது சொல்லும் அளவை நீங்கள் கேட்கக்கூடாது. வரைந்ததை வெளியே எடுத்து உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்று இலவசமாக இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. அதுவும் போதாமல் போனால் மட்டும் பர்ஸைத் திறங்கள்.

உங்கள் செருப்பு ஸ்டாண்டுக்கா? காகிதமும் பென்சிலும் தாராளமாகப் போதுங்க.

பொங்கலுக்கு முன்னால், சொன்னபடியே பிரபு காரோடு வந்தான். நானும் போயிருந்தேன். அவனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை; அக்காவின் கண்டிப்பான உத்தரவு. நேராகச் சமையலறை வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே அம்மா வத்தக்குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் அவன் முகம் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“வாடா. கை கால் கழுவிட்டு வா.”

“ம்மா! என்னம்மா இது? சித்தி, நீங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்களே!” பாய்ந்து உள்ளே வரப் பார்த்தான்.

“தள்ளி நில்லுடா, வெளிச்சத்த மறைக்கற” என்றாள் அக்கா. கேஸை அணைத்தாள். கைப்பிடித் துணியால் சட்டியின் காதுகளைப் பிடித்து, அடுப்பிலிருந்து பக்கத்துக் கல்லுக்கு நகர்த்தினாள். ஒரு துளி சிந்தவில்லை. மாமா ஈரத்துணியோடு சிங்க் ஓரமாக நின்றிருந்தார் — தீயணைப்பு நிலையம் மாதிரி.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, வத்தக்குழம்பு, கத்திரிக்காய் பொரியல், அப்பளம். பிரபு தலை நிமிரவில்லை. சாப்பிடுகிறானா, கண்ணீரை மறைக்கிறானா என்று தெரியவில்லை. மாமா ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டார். மென்றார். யோசித்தார்.

“உப்பு கொஞ்சம் கம்மி.”

“அப்பா!” என்றான் பிரபு அதிர்ந்துபோய். எனக்கும் மாமாவை ஏதாவது செய்யலாம் போலிருந்தது.

ஆனால் அக்கா? சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு கண்ணில் நீர் வர. “சொன்னாரு பாரு!” என்றாள் என் கையைப் பிடித்துக்கொண்டு. “அடிபட்ட நாள்லேந்து இந்த மனுஷன் என்னைய ஒரு கொற சொல்லலடி. எதுக்கெடுத்தாலும் நல்லது, சரி, நீ ஒக்காரு... ஏதோ பெரிய வியாதிக்காரிகிட்ட பேசற மாதிரி. இன்னைக்குத்தான் பொண்டாட்டிகிட்ட பேசறாரு.”

மாமா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பிரபு அந்தச் சமையலறையை ஓர் ஆராய்ச்சியாளன் மாதிரி சுற்றி வந்தான். டிராயர்களை இழுத்தான், தள்ளினான். டேப்லெட்டில் படத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

“ம்மா, எங்க வூட்டு கிச்சன் அளவு எடுத்து அனுப்பறேன். அதுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடும்மா.”

“எதுக்குடா?”

“லீவுக்கு வரப்ப எங்களுக்கு யாரு சமைக்கிறது?”

‘லீவுக்கு’ என்றான். அக்கா அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டாள். மாமாவும் கேட்டுவிட்டார். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பொங்கல் முடிந்து கார் கோயம்புத்தூருக்குத் திரும்பியது. பின்சீட்டில் ஒரு தூக்குவாளி வத்தக்குழம்பு மட்டும் உட்கார்ந்து போனது — உப்பு சரிபார்த்தது.